ஓசி டிக்கெட்டா? கேன்சல் செய்து பாருங்கள், தெரியும்!

ஆவடி ரெயில் நிலையம் அருகே டீக்கடை. காலை 7 மணி. சென்டிரல் போகும் வண்டிக்குக் கூட்டம் முட்டி மோதுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"தம்பி, நீங்க பேப்பர்காரர்தானே? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

விமான டிக்கெட். சென்னையில் இருந்து அமெரிக்கா, டல்லாஸ் நகரம். போக வர இரண்டு பேருக்கு. பணம் என்ற இடத்தில் ரூபாய்க் கணக்கு இல்லை. மைல் கணக்கு இருந்தது.

பெரியவருக்கு 67 வயது. டாங்கி தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் டல்லாசில் வேலை பார்க்கிறார். பேத்திக்கு முதல் பிறந்த நாள். "அப்பா, என்கிட்ட மைல் சேர்ந்திருக்கு. உங்களுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுட்டேன். பைசா செலவில்லை" என்று மகன் சொல்லி இருக்கிறார். வீட்டில் முறுக்கு, அதிரசம் எல்லாம் தயார். பெட்டி கட்டியாகிவிட்டது.

புறப்பட 11 நாள் இருக்கும்போது அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. "ஆறு வாரத்துக்குப் பயணம் என்ற பேச்சே வேண்டாம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஓசி டிக்கெட்டுதானே தம்பி. போகலைன்னா போகலை. அப்படியே விட்டுட்டா என்ன?" என்று கேட்டார் பெரியவர்.

அப்படி மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். இப்போது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில். மைல் டிக்கெட் வராத வீடு குறைவு.

ஊரெல்லாம் அலைச்சல்

பெரியவர் முதலில் போனது அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள ஒரு டிராவல்ஸ். "நாங்க போட்ட டிக்கெட் இல்லையே சார்" என்று கை விரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஏஜெண்டு போட்ட டிக்கெட்டை ஏஜெண்டு கேன்சல் செய்வார். மைல் டிக்கெட் மகன் கணக்கில் இருந்து போட்டது.

பிறகு விமான கம்பெனிக்குப் போன். (பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே ரகம்தான்.) பாட்டு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் பேசினார். "மைல் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பயணம் செய்பவர் பெரியவர். கால் உடைந்தவர் அவர் மனைவி. டாக்டர் சர்டிபிகேட் ஆவடியில் இருக்கிறது. ஆனால் பேச வேண்டியவர் டல்லாசில் இருக்கிறார். நமக்குப் பகல் என்றால் அவருக்கு நடு ராத்திரி.

அடுத்து நடந்ததுதான் விபரீதம். பெரியவர் செல்போனில் தேடினார். அந்தக் கம்பெனி பெயரைப் போட்டு "கஸ்டமர் கேர்" என்று ஒரு நம்பர் வந்தது. அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்! பாட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. ஒரே மரியாதை. "சார், ரீபண்டு உடனே போடுறோம். ஒரு ஆப் அனுப்புறோம், இறக்குங்க. உங்க பேங்க் ஆப்பைத் திறந்து வையுங்க."

பெரியவர் இறக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். அம்மாவைப் பார்க்க வந்தவர், "தாத்தா, என்ன பண்றீங்க!" என்று போனைப் பிடுங்கி அணைத்தார். ஓய்வு காலப் பணம் தப்பியது.

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் மணியில் எடுக்கிற கஸ்டமர் கேரை நம்பாதீர்கள். விமானம், கேஸ், கூரியர், வங்கி என்று எல்லாக் கம்பெனி பெயரிலும் போலி நம்பர்களைத் தேடும் இடத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டை கேன்சல் செய்யப் போகிறவன்தான் அவர்களுக்கு நல்ல இரை. அவன் பதற்றத்தில் இருப்பான், பணம் வரும் என்று காத்திருப்பான். நம்பர் வேண்டும் என்றால் டிக்கெட்டில் அச்சடித்ததைப் பாருங்கள், அல்லது கம்பெனியின் சொந்த ஆப்பில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் அந்த நிமிடமே 1930க்கு அடியுங்கள். நேரம் போகப் போக பணம் கை மாறிக்கொண்டே போகும். ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2022ல் வந்துவிட்டது. சைபர் புகாருக்குச் சென்னை வரை ஓட வேண்டியதில்லை.

மைல் யார் வீட்டுப் பணம்?

ஓசி, ஓசி என்கிறோமே, அது உண்மையில் ஓசியா?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1981ம் ஆண்டு மே 1ந்தேதி இந்த மைல் கணக்கைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. அடிக்கடி பறக்கிறவர் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். பத்து டீ குடித்தால் பதினோராவது டீ சும்மா என்று டோக்கன் கொடுப்பது மாதிரி. பிறகு மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன.

இன்று கதை மாறிவிட்டது. விமான கம்பெனி மைலை மொத்தமாக வங்கிக்கு விற்கிறது. வங்கி அதை கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது. வங்கிக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? அம்பத்தூர் எஸ்டேட் எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் நூறு ரூபாய்க்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் என்று அவரிடம்தான் பிடிக்கிறார்கள். அவர் என்ன செய்வார்? சாமான் விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரும் அதே விலைதான் தருகிறார். ஆக, யாரோ ஒருவர் டல்லாஸ் போகிற மைலுக்கு பாடி மேம்பாலத்தின் கீழே நடந்து போகிறவனும் ஒரு பைசா போட்டிருக்கிறான்!

காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. திருப்பிக் கேட்டால் மட்டும் "இலவசம்தானே" என்று பேசுவது என்ன நியாயம்?

டிக்கெட்டில் இரண்டு கணக்கு

பெரியவரின் டிக்கெட்டை விரித்து வைத்துப் பார்த்தோம். மைல் ஒரு பக்கம். வரி, கட்டணம் என்று ரொக்கமாகக் கார்டில் பிடித்தது ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ரொக்கமே ஐம்பதாயிரத்தைத் தாண்டி இருந்தது. "பைசா செலவில்லை" என்று மகன் அப்பாவுக்காகச் சொன்ன பொய்!

இந்த ரொக்கத்திலும் இரண்டு வகை உண்டு. அரசாங்க வரி, விமான நிலையக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் ஒன்று. பயணம் செய்தால்தான் இதை விமான நிலையத்துக்கோ அரசுக்கோ செலுத்த வேண்டும். பயணமே இல்லை என்றால் கம்பெனி அதை வைத்துக்கொள்ள வழியே இல்லை. இன்னொன்று எரிபொருள் கட்டணம் என்று கம்பெனியே போட்டுக்கொள்வது. வரி என்ற தலைப்பின் கீழ் இது நைசாக உட்கார்ந்திருக்கும். ஆனால் வரி அல்ல.

இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2008ல் ரீபண்டு விதி போட்டது. 2016 ஆகஸ்டு முதல் அதை இறுக்கியது. கேன்சல் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டுக்கும் மேல் பிடிக்கக் கூடாது. அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். சலுகை விலை டிக்கெட் என்றாலும் சரி, விமானத்தைத் தவற விட்டாலும் சரி. ரீபண்டு போட்டுக் கொடுக்கத் தனிக் கூலி கேட்கவும் கூடாது.

எத்தனை பேருக்கு இது தெரியும்? விமானத்தைக் கோட்டை விட்டவர்களில் எத்தனை பேர் வரிப் பணத்தைக் கேட்டு வாங்கி இருக்கிறார்கள்? "போனது போச்சு" என்று விட்டவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம்.

வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அவர்கள் நாட்டுச் சட்டப்படி ரீபண்டு என்று அதே விதியில் ஒரு சந்து இருக்கிறது. பெரியவரின் கம்பெனி அந்தச் சந்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

மைலுக்கு என்ன கதி? அது கம்பெனி போட்டு வைத்த சட்டத்தைப் பொறுத்தது. சில கம்பெனிகள் ஒரு தொகை பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பிப் போடும். அமெரிக்காவில் யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய கம்பெனிகள் கொரோனா அடித்த 2020ல் வழிக்கு வந்து, மைலைத் திருப்பிப் போடக் கட்டணம் கேட்பதை நிறுத்தின. மற்ற பல கம்பெனிகள் இன்னும் நிறுத்தவில்லை.

கண்ணி எங்கே என்றால், மைலுக்கு வயது உண்டு. பல கம்பெனிகளில் இத்தனை வருடம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் போட்ட நாளில் உயிரோடு இருந்த மைல், கேன்சல் செய்யும் நாளில் கெடு தாண்டி இருந்தால் திரும்பி வந்தும் பயன் இல்லை. வந்த வேகத்தில் காலாவதி. கெடுவே வைக்காத கம்பெனியும் இருக்கிறது. ஆகவே எந்தக் கம்பெனி என்று பார்த்துச் சேர்ப்பது பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது.

வங்கிக் கார்டு பாயிண்டை மைலாக மாற்றி இருந்தாலும் சிக்கல்தான். டிக்கெட் கேன்சல் ஆனால் அது மைலாகத்தான் திரும்பும். பாயிண்டாகி வங்கிக்குப் போகாது. மாவை அரைத்த பிறகு அரிசியைக் கேட்டால் கிடைக்குமா? அந்தக் கதைதான்.

கேன்சல் வேண்டாம், தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்றால்? ரூபாய் டிக்கெட்டில் வித்தியாசப் பணம் கட்டி மாற்றலாம். மைல் டிக்கெட்டுக்கு ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளைத்தான் ஒதுக்குவார்கள். புதிய தேதியில் அந்த இருக்கை காலியாக இருந்தால்தான் மாற்றம். இல்லை என்றால் இரண்டு மடங்கு மைல் கேட்பார்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல் சமயத்தில் சொல்லவே வேண்டாம்.

சும்மா விட்டால்?

பெரியவர் நினைத்தபடி அப்படியே விட்டிருந்தால், கம்பெனி கணக்கில் அவர் "வராதவர்". போகும் விமானத்தில் ஏறாதவருக்குத் திரும்பும் டிக்கெட்டும் தானாகவே ரத்து. மைல் முழுவதும் போக வாய்ப்பு. அல்லது பல மடங்கு கட்டணம் கட்டினால் மைல் திரும்பும். விமானம் புறப்படும் முன்பு, ஒரு நாள் முன்பாவது கேன்சல் செய்தால் இவ்வளவு நஷ்டம் இல்லை. சொல்லிவிட்டு வராமல் இருப்பது ஒன்று, சொல்லாமல் வராமல் இருப்பது வேறு. கல்யாண வீட்டு சாப்பாட்டுக் கணக்கு மாதிரிதான்.

ரெயிலைப் பாருங்கள். ரெயில்வேயைத் திட்டாத நாள் நமக்கு இல்லை. மின்சார ரெயில் தாமதம் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதி இருக்கிறேன். ஆனால் கேன்சல் விஷயத்தில் ரெயில்வே வெட்ட வெளிச்சம். 2015 நவம்பரில் கட்டணத்தை ஏற்றினார்களே, அந்த விதியைக் கூட ஒரு போர்டில் எழுதிவிடலாம். 48 மணி நேரத்துக்கு முன்பு என்றால் படுக்கை வகுப்புக்கு ரூ.120 என்றது அந்த விதி. அதன் பிறகு 12 மணி நேரத்துக்கு முன்பு வரை கால் பங்கு என்றது. 4 மணி நேரத்துக்கு முன்பு வரை பாதி என்றது. கசந்தது, ஆனால் புரிந்தது. கவுண்டரில் ஒரு ஆள் இருப்பார். சண்டையாவது போடலாம். மைல் டிக்கெட்டுக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கோர்ட்டு என்ன சொன்னது?

"மைல் உங்கள் சொத்து அல்ல, எங்கள் சலுகை" என்று கம்பெனிகள் அச்சடித்தே வைத்திருக்கின்றன. இதை எதிர்த்து அமெரிக்காவில் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். பெயர் கின்ஸ்பர்க், யூத மதகுரு. அதிகமாகப் புகார் செய்கிறார் என்று சொல்லி நார்த்வெஸ்ட் கம்பெனி 2008ல் அவரை மைல் திட்டத்தில் இருந்தே நீக்கிவிட்டது! 2014 ஏப்ரலில் கோர்ட்டு ஒருமனதாகக் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னது. அதே கோர்ட்டு 1995ல் சிகாகோ பயணிகள் போட்ட வழக்கில், கம்பெனி தானே கொடுத்த வாக்கை மீறினால் அதற்காக வழக்கு போடலாம் என்றும் சொல்லி இருக்கிறது. எழுதிக் கொடுத்ததுதான் பிடி. எழுதாதது காற்று. டிக்கெட் போடும் அன்று கேன்சல் விதியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். நாளைக்கு விதியை மாற்றிவிட்டு "அப்போதே இப்படித்தான்" என்பார்கள்.

கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால் நிலைமை வேறு. ஐரோப்பிய யூனியனின் 2004ம் ஆண்டு விதி, மைல் டிக்கெட்டில் வருபவருக்கும் காசு கொடுத்தவர் மாதிரியே உரிமை உண்டு என்று பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்க அரசு 2024ல் போட்ட விதியும், கம்பெனி ரத்து செய்தால் பணம் கொடுத்தவருக்குப் பணம், மைல் கொடுத்தவருக்கு மைல், கேட்காமலேயே திரும்ப வேண்டும் என்கிறது.

நம் ஊரில்? கொரோனா ஊரடங்கு டிக்கெட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபர் 1ந்தேதி உத்தரவு போட்டது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தாகி, மீனம்பாக்கத்தில் ஜனங்கள் பெட்டியோடு தரையில் படுத்தார்களே, அப்போது மத்திய அரசு 7ந்தேதி இரவு 8 மணி என்று கெடு வைத்தது. ரூ.610 கோடி திரும்பி வந்தது என்று அமைச்சகம் கணக்கு சொன்னது. கழுத்தில் கத்தி வைத்தால் கம்பெனிக்கு இரண்டு நாளில் பணம் கொடுக்கத் தெரிகிறது! டிக்கெட் போட்ட பிறகு அபராதம் இல்லாமல் மனசு மாற 24 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆக்கலாம் என்றும் டி.ஜி.சி.ஏ. 2025 நவம்பரில் வரைவு வெளியிட்டது. நல்லது. அந்த விதியில் "மைல் டிக்கெட்" என்ற வார்த்தையையும் எழுதச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க நம் எம்.பி.க்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

மைலைப் பூட்டி வைத்துச் சேர்ப்பதும் ஆபத்துதான். கிங்பிஷர் 2012ல் தரை இறங்கியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ந்தேதி ராத்திரியோடு சரி. 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிடச் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதே மாதம் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு கலந்தது. அங்கே பாயிண்டுகள் புதிய கணக்குக்குப் போய்ச் சேர்ந்தன. கலந்தால் தப்பிக்கும், கவிழ்ந்தால் யாரைக் கேட்பது?

கம்பெனி அடாவடி செய்தால் முதலில் எழுத்தில் புகார். பிறகு மத்திய அரசின் ஏர்சேவா. நுகர்வோர் உதவிக்கு 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டு. 2019ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் 2018ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டதால் அவர்களுக்குச் சென்னை. 5 லட்சம் வரை கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என் கருத்து இதுதான். கால் உடைந்தவரிடமும் சாவு வீட்டுக்காரரிடமும் அபராதம் பிடிப்பது வியாபாரம் அல்ல. டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் மைலை முழுசாக, கெடுவை நீட்டித்துத் திருப்பிப் போட்டால் எந்தக் கம்பெனியும் மூழ்காது. அந்த இருக்கையை 11 நாளில் வேறு ஒருவருக்கு விற்கத் தெரியாதவர்களா அவர்கள்? டிக்கெட் எடுத்துக் கொடுத்த மகன் தூங்கும்போது, கையில் பாஸ்போர்ட்டோடு நிற்கும் அப்பாவின் பேச்சைக் கேட்க ஒரு கவுண்டர் மீனம்பாக்கத்தில் வைக்கக் கூடாதா?

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி மகனே டல்லாசில் இருந்து பேசினார். 50 நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஆள் கிடைத்தது. தலைக்கு இவ்வளவு டாலர் என்று பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பிப் போட்டார்கள். அதில் ஒரு பகுதி கெடு தாண்டியது, அது போய்விட்டது. வரிப் பணம் கார்டுக்கு வரும் என்றார்கள். எரிபொருள் கட்டணம் பற்றி விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று அதே டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அம்மாவுக்குக் கட்டு பிரித்தாகிவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறாராம். பேத்தியின் பிறந்த நாளை ராத்திரி கண் விழித்து செல்போனில் பார்த்தார்களாம்.

"முறுக்கு என்னாச்சுங்க ஐயா?" என்று கேட்டேன்.

"தெருவுல கொடுத்துட்டோம் தம்பி. அடுத்த தடவை போறப்ப அவ திரும்பவும் சுடுவா. பையன் ஜூன் மாசத்துக்கு மைல் சீட் தேடிக்கிட்டு இருக்கான். இன்னும் கிடைக்கலை" என்றார்.